கசின் என்றால் என்ன உறவு

இங்கிலீஷை யாராவது தப்பாகச் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் சொன்னாலும் சரி, ஆபீசில் மேலதிகாரி சொன்னாலும் சரி, திருத்திவிட்டுத்தான் மறுவேலை. பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் அந்த வாயால்தான் அரியலூரை விட்டுப் பெரம்பலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் சொந்த ஊர் கீழப்பழுவூர். அப்பா அரியலூரில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அதனால் அங்கேயே வாடகைக்கு ஒரு வீடு. என் அம்மா நான் பால் மறக்கும் முன்பே போய்விட்டாள். அப்பாவின் அக்கா, கணவனைப் பறிகொடுத்துவிட்டு மகனோடு வந்தவள், எங்களோடு தங்கி என்னை வளர்த்தாள். அப்பா, அத்தை, அத்தை மகன், நான். இவ்வளவுதான் குடும்பம். அத்தை மகன் என்னைவிடச் சில வயது மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சிமெண்ட் ஃபேக்டரியில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசை. அதில் ஒரு தப்பும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமன் மகள் மேல் அத்தை மகனுக்குத்தான் முதல் உரிமை. ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. தம்பி வீட்டில் அண்டியிருக்கிறோமே என்று அத்தை கேட்கத் தயங்கினாள். அக்கா கேட்டால் மறுக்க முடியாதே என்று அப்பா பேச்சையே அந்தப் பக்கம் போக விடமாட்டார். நான் பெரியவளான பிறகு, "இனிமே பேர் சொல்லக் கூடாது, மாமான்னு கூப்பிடு" என்று அத்தை சொல்லித் தந்தாள். எனக்கு வெட்கம். "ஏங்க", "இந்தாங்க" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் என்னை எப்போதும் போல "புள்ள" என்றே கூப்பிட்டார்.

எங்கள் பேச்சு முக்கால்வாசி சண்டைதான். அதுவும் இங்கிலீஷ் சண்டை. ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு வருவார்.

"இன்னிக்கு அடுத்த ஷிப்டுக்கு ரிலிவர் வரல புள்ள. அதான் லேட்டு."

"ரிலீவர்னு சொல்லுங்க. லிவர்னா ஈரல்."

"ஃபேக்டரி பூரா ரிலிவர்னுதான் சொல்றாங்க. ஃபேக்டரி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

சோற்றைப் போட்டுவிட்டு, ஈரல் வரவில்லையாம் என்று அத்தையிடம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். மறுநாள் மறுபடியும் ரிலிவர்தான்.

கசின் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படித்தேன். பண்டிகை, லீவு என்றால் அழைத்துப்போக அவர்தான் வருவார். அப்பா, அண்ணன், தம்பி தவிர வேறு ஆணோடு எந்தப் பெண்ணையும் வார்டன் வெளியே அனுப்பமாட்டார். முதல் தடவை அவர் வந்து ஹாஸ்டல் கேட் அருகே நின்றபோது, யார் என்று வார்டன் கேட்டார். அத்தை மகன் என்றால் அவ்வளவுதான், கதவு சாத்திவிடுவார். "கசின் மேடம்" என்றேன். வார்டன் அதை அண்ணன் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ரூமில் கூட இருந்த பெண் விடவில்லை. கசின் என்றால் கட்டிக்கலாமா கூடாதா, அதைச் சொல் என்றாள். கட்டிக்கவும் கட்டிக்கலாம், கட்டிக்காமலும் இருக்கலாம் என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சொல்லை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தமிழில் ஒருவரை ஒன்று அண்ணன் என்று சொல்ல வேண்டும், இல்லை முறை மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும். நடுவில் நிற்க இடமே கிடையாது. இங்கிலீஷ்காரன் ஒரு இடம் போட்டு வைத்திருந்தான். அதில் நான் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது இந்தக் கதையை அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "கசின்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பத்திரம் எழுதுகிறவர் இல்லையா, ஒரு சொல் எதற்கு உதவும் என்று அவருக்குத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். பி.ஏ. படித்த பெண்ணை மூட்டை தைக்கிறவனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்படி அவர் சொல்லவில்லை. ஆனால் தெரியும். வருகிற தரகர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: வயசுப் பெண் இருக்கிற வீட்டில் அந்தப் பையன் யார்? அப்பா ஒரே பதில் சொன்னார்: கசின் பிரதர். என் சொல்லை எடுத்து எனக்கே மூடி போட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் நான் ஆசைப்படுவதை என் வாயாலேயே சொன்னதாகிவிடும். அத்தை மகன் வந்து அப்பாவிடம் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஆம்பளைதானே, கேட்கட்டுமே.

அவர் கேட்கவில்லை. பெரம்பலூரிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை பேங்க் கிளார்க். அவரோடு அவர் அம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். பெரம்பலூரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை வெல்லப் பூரணம் வைத்துச் சீயம் சுட்டிருந்தாள். அதை நான் கொண்டுபோய் வைத்தேன். பெரியப்பா என்னை இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்பாவின் தோள் நிம்மதியில் இறங்கியது. முடிந்தது, என்னை இவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை மகன் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"இவரு யாருங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"கசின் பிரதருங்க" என்றார் அப்பா.

பெரியப்பா விரலை நீட்டினார். "கசின் பிரதர்னு சொல்றது தப்பு. வெள்ளைக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். கவுசின். வெறும் கவுசின். பிரதர் எல்லாம் சேக்கப்படாது."

அப்பா சரிதானுங்க என்று தலையாட்டினார். கசின் என்று அவர் சரியாக உச்சரித்ததைத் தப்பாகத் திருத்துகிறார்கள், அதற்கும் தலையாட்டுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கசின்தாங்க சரி" என்றேன். "கவுசின் இல்லீங்க."

வேண்டுமென்றே சொன்னேனா, பழக்க தோஷத்தில் வந்ததா என்று கேட்டால் ரெண்டும்தான். சொல்லி முடித்தபோதே, இவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் நல்லது என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. வாசலில் கிடந்த அவர்கள் செருப்பைப் பார்த்தேன்.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"சி, ஓ, யு. ஹவுஸ்ல என்ன வருது? ஹெச், ஓ, யு. ஹவுஸ்னுதான சொல்ற? ஹஸ்னு சொல்லுவியா? மவுஸ்னுதான சொல்ற? அப்ப கவுசின்."

"கன்ட்ரியிலயும் சி, ஓ, யுதாங்க வருது. கவுன்ட்ரின்னு சொல்லுவீங்களா?"

மாப்பிள்ளை குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்கினார் என்று எனக்கு அப்போது தெரியாது, பல வருஷம் கழித்துச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா வாயில் வைத்த சீயத்தை மெல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்தும் நான் இறங்கவில்லை. எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று மனசுக்குள் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. நீயே சொல்றபடி கசின்னே இருக்கட்டும். அர்த்தம் என்ன, அதைச் சொல்லு. கசின்னா தமிழ்ல என்ன உறவு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உச்சரிப்பில் தோற்றவர் அர்த்தத்தில் பிடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"அவ சின்னப் பொண்ணு. நீங்க சொல்லுங்க. பத்திரம் எழுதுறவரு. இன்னார் மகன் இன்னார்னு எழுதாம ஒரு பத்திரம் ரிஜிஸ்டர் ஆவாது. இந்தத் தம்பி பேரப் போட்டு நீங்க ஒரு பத்திரம் எழுதுனா உறவுன்னு என்ன எழுதுவீங்க? சித்தப்பா மவனா, பெரியம்மா மவனா, மாமன் மவனா, அத்தை மவனா?"

"அது வந்துங்க" என்றார் அப்பா. துண்டால் கழுத்தைத் துடைத்தார். அடுப்படியில் எண்ணெய் காயும் வாசனை வந்துகொண்டிருந்தது. அத்தை அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிழல் கதவருகே தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்குப் பயம் இல்லை. சந்தோஷம்தான், வெளிப்படையாகச் சொல்கிறேன். இனி ஒளிக்க முடியாது. அத்தை மகன் என்று அப்பா சொல்லியே ஆகவேண்டும். உரிமைக்காரன் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குப் பெண் கொடுக்கிறீர்கள், அவனுக்கும் இவளுக்கும் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு எழுந்து பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிப்பார்கள். அத்தைக்கு அப்போதாவது வாய் திறக்கும். நான் அவரைப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை மவன்தாங்க நானு" என்றார்.

பெரியப்பா, அப்படியா சேதி என்பது போல மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப கட்டிக்கிற முறைதான தம்பி?"

"முறை அதுதாங்க. ஆனா நாங்க அப்படி வளரல. கூடப்பொறந்தவங்களாத்தான் வளந்தோம். அண்ணன்னே வச்சுக்குங்க."

"வாயால சொன்னா ஆச்சா?"

அவர் நாற்காலியை விட்டுவிட்டு நேராக நின்றார். "கல்யாணத்துல மாப்புள்ள காலக் கழுவி அழைச்சிட்டு வர நான்தாங்க நிப்பேன். வேற யாரும் இல்ல அதுக்கு. போதுங்களா?"

போதுமானதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மேடைக்கு அழைத்து வருவது பெண்ணின் கூடப்பிறந்தவன் செய்வது. அதைச் செய்கிறேன் என்று சபையில் ஒருவன் சொன்னபிறகு எந்த இங்கிலீஷும் அதை மாற்ற முடியாது. பெரியப்பா தலையை மெல்ல ஆட்டினார். மாப்பிள்ளையின் அம்மா தட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடித் திறந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பெரியப்பா என்னைப் பார்த்து, "பொண்ணு வெவரமான பொண்ணு. எங்க வூட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுக்கட்டும்" என்று சிரித்தது எங்கோ தூரத்தில் கேட்டது.

அவர்கள் போனதும் நான் கொல்லைக்குப் போனேன். அத்தை மகன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"என்னத்த?"

"அண்ணன்னு. யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டியதற்கு மேல் துடைத்தார்.

"நீ எதுக்கு அந்தாளத் திருத்துன? கவுசின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீ வுட்டிருந்தா அவரு அர்த்தம் கேட்டிருக்க மாட்டாரு. நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் அவங்க போவட்டும்னுதான் திருத்துனேன்."

இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்ல முடியும். அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன். துண்டு கையிலேயே நின்றுவிட்டது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"மாமா மொவத்தப் பாத்தியா?" என்றார் கடைசியில். அப்பாவைத்தான் அவர் மாமா என்பார். "அந்த மனுசன் யாரு முன்னாடியும் அப்படி நின்னு நான் பாத்ததில்ல. அவரு சோத்துல வளந்தவன் நானு. அவரு நிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் எப்படி நிப்பேன், சொல்லு."

"என் மொவத்தப் பாத்தீங்களா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அப்பா மேல், வாய் திறக்காத அத்தை மேல், எல்லாரைவிட அவர் மேல். நன்றிக்கு நேர்ந்துவிட நான்தான் கிடைத்தேனா? நானும் அதே சோற்றில் வளர்ந்தவள்தானே.

சாயந்திரம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். வழக்கமாக அத்தைதான் அவருக்குப் பரிமாறுவாள். அன்றைக்கு அவள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஒங்க அண்ணனுக்குத் தண்ணி வையி" என்றாள் என்னிடம்.

குரலை உயர்த்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொம்பை எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரொம்ப நாளாக வெளியே வராமல் கிடந்த அத்தையின் ஆசை இப்படித்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கல்யாணத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினார், கை பிடித்து அழைத்து வந்தார். மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போட்டார். மோதிரம் இறுக்கமாக இருந்தது. மூட்டை தைத்துத் தடித்த விரல். ரெண்டு பேரும் சேர்ந்து திருகித் திருகி உள்ளே தள்ளினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "தங்கச்சிய நல்லாப் பாத்துக்குங்க" என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தங்கச்சி என்பதுதான் பேர். புள்ள போய்விட்டது.

பெரம்பலூர் வாழ்க்கையில் எனக்குக் குறை இல்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், என் வாயைப் பொறுத்துக்கொள்கிறவர். பெரியப்பா கடைசிவரை கவுசின்தான். நானும் கடைசிவரை திருத்தினேன். அத்தை தன் மகனுக்குப் பூலாம்பாடியில் பெண் எடுத்தாள். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். அவர் மடியில்தான் உட்கார்த்தினோம். அவள் வீறிட்டு அழுது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாப்பா, பாப்பா, ஆச்சு" என்று அவர் தட்டிக்கொடுத்தார். அவளை எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அவள் இங்கிலீஷ் மீடியம் போக ஆரம்பித்த வருஷம், பொங்கலுக்கு அவர் சீர் கொண்டுவந்தார். கரும்பு, அரிசி, வெல்லம், பாப்பாவுக்குப் பாவாடைத் துணி. கரும்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மகள் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, மாமாவுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"அங்கிள்."

"சித்தப்பாவுக்கு?"

"அங்கிள்."

"பெரியப்பாவுக்கு?"

"அதுவும் அங்கிள்தான்."

"அப்ப மாமாவும் அப்பா மொறையும் ஒண்ணாம்மா?"

ஊரையெல்லாம் திருத்துகிறவளுக்கு அவளைத் திருத்த ஒரு சொல் வரவில்லை. தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பதில் சொன்னார். மகளின் தலையில் கை வைத்திருந்தார், பார்வை மட்டும் கரும்புக் கட்டின் மேல் இருந்தது.

"இங்கிலீஷ்ல எல்லாம் ஒண்ணுதான், புள்ள."